மாங்கனீஸ் நின்றபடி எழுதிய பரீட்சை

ஐம்பதுகளில் ஸ்ரீராம்புரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் எவனாவது மாங்கனீஸைத் தெரியாது என்று சொன்னால், அவன் தேறியதே பொய் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்ஸிஜன் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு சேர்ப்பார்கள். அது இருந்தால் ஆக்ஸிஜன் மளமளவென்று வரும். அது மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும். எங்கள் ஆளும் அப்படித்தான். அவனோடு சேர்ந்து கெமிஸ்ட்ரி படித்தவனெல்லாம் பாஸ். அவன் நான்கு முறை எழுதி நான்கு முறையும் கோட். மற்ற பாடமெல்லாம் எப்போதோ முடித்துவிட்டான்.

படிப்பது என்றால் பார்க்கில் நடப்பது. விடிந்ததும் எங்கள் கூட்டம் போய்விடும். மாங்கனீஸ் எப்போதும் என் இடது பக்கம் வருவான். இடத்துக்கு ஒரு பாடம்: குழாயடி வந்தால் ஹைட்ரஜன், பாதாம் மரத் திருப்பம் குளோரின். பின்பக்கச் சுவர் அம்மோனியா. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டக்காரர் கன்னடமும் தமிழுமாகத் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஹுல்லெல்லா ஹாளாய்த்து கணப்பா! நீங்க சுத்திச் சுத்திப் புல்லு பூரா போச்சு!"

"கோச்சிக்காதீங்கண்ணா. ஆக்ஸிஜன் முடிஞ்சதும் போயிடறேன்" என்பான் மாங்கனீஸ்.

ஐந்தாவது முறை, நான் முதல் தடவை எழுதிய அந்த வருஷம், விளையாட்டு இல்லை. அவன் அப்பா மில்லில் ஓய்வு பெறுகிற வருஷம். பையன் பாஸ் செய்தால் டைம்கீப்பர் ஆபீசில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூனுக்குள் சர்டிபிகேட் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

ஒருநாள் கால் வலித்து இருவரும் கல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"டேய், அம்மோனியாவை எதால உலர்த்தணும்?"

திருதிருவென்று விழித்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்! எழுந்தான், பத்தடி நடந்தான். "சுட்ட சுண்ணாம்புடா!" என்று கத்தினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி கேட்டேன், மறுபடி முழித்தான்.

நான்கு வருஷ ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. மகானுபாவனுக்குக் கால் நகர்ந்தால்தான் தலை நகரும். போன வருஷம் ஹாலில் கேள்விக்கு ஒருமுறை 'பாத்ரூம் சார்' என்று எழுந்திருக்கிறான். மூன்றாவது தடவை சூபர்வைசர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து உட்காரவைத்துவிட்டாராம்.

"நின்னுட்டு எழுதறேன்னு கேளுடா."

"போடா, ஹாலே சிரிக்கும். ஜென்மத்துக்கும் மானம் போயிடும்."

பரீட்சை அன்று எனக்கு அடுத்த பெஞ்ச் அவனுக்கு. அரை மணி ஆயிற்று. அவன் தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் என்னையும் வெளியே அனுப்பலாம். இருந்தும் எழுந்துவிட்டேன்.

"சார், இவன் நின்னு எழுதட்டும் சார். உட்கார முடியாது."

சூபர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனு, மூலவ்யாதியா?"

"ஆமா சார்!" என்றேன். வேறு என்ன சொல்வது? ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அவர் முகம் இளகிவிட்டது. அவருக்கும் இருந்திருக்கும் போல. ஜன்னல் திண்டைக் காட்டி, "அல்லி நில்லப்பா, பாவம்" என்றார்.

மாங்கனீஸ் என்னை எரித்துவிடுவது போல் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போனான். முதலில் ஒரு கால் அசைந்தது, பிறகு மற்றது. நின்ற இடத்திலேயே பார்க்கை மூன்று சுற்று சுற்றியிருப்பான். கூடுதல் தாள் வேறு கேட்டு வாங்கினான்.

ரிசல்ட் வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த அன்று ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"பாஸுடா! ஆனா பாவி, வேற நோயே கிடைக்கலியா உனக்கு?"

மில்லில் சேர்ந்துவிட்டான். அடுத்த மார்ச்சில் பார்க் பக்கம் போனேன். மில் சட்டையோடு மாங்கனீஸ் நடந்துகொண்டிருந்தான், கூடவே அந்த வருஷத்துப் பையன்கள் இருவர், மூவரும் அம்மோனியாச் சுவருக்கு அருகில்.

"பாஸானவனுக்கு இங்க என்னடா வேலை?"

"பசங்களுக்குத் தனியா நடந்தா பயமா இருக்கும்டா. எனக்குத் தெரியாதா?"

அவன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. எனக்குச் சர்க்கரை; டாக்டர் தினம் நடக்கச் சொல்கிறார். பார்க்கில் இப்போது சிமென்ட் பாதை. அதில் இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் இன்றும் நடக்கிறேன்.