அண்ணா, உங்கள் காரை வந்து எடுத்துச் செல்லுங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், கார் நலமில்லை. அங்கே உங்கள் நலத்தையும் அண்ணியின் இடது முழங்கால் நலத்தையும் அறிய ஆவல்.

யாரையும் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சாவியைக் கொடுக்கும்போது, "என்ஜின்ல மட்டும் கை வைக்காதீங்க மாப்பிள்ளை, வச்சா வந்து எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொன்னீர்கள். கை வைத்தாகிவிட்டது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் இழுவை வண்டியோடு வந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். அந்தக் காரைக் கிளப்ப உங்கள் மாப்பிள்ளை ஒருவரால்தான் முடியும். சோக்கை இரண்டு விரற்கடை இழுக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை மூன்று முறை மிதிக்க வேண்டும், கண்ணை மூடிப் பத்து எண்ண வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. "பேசாத, அது கேட்டுக்கிட்டிருக்கு" என்பார். நானும் இருபத்திரண்டு வருடமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் லைசென்ஸ் இதுவரை அடையாள அட்டையாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது. போன மாதம் ஒரு நாள் அவராலும் கிளப்ப முடியவில்லை. மெக்கானிக் வந்து, ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் போதும் என்றார். இவரோ கார்புரேட்டரே வேண்டாம், ஃப்யூவல் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிவிடலாம், கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து கொடுக்கும், நானே செய்கிறேன், எல்லாம் வீடியோவில் இருக்கிறது என்றார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் வீடியோ பாத்து உங்களுக்குப் பல் பிடுங்கினா உக்காருவீங்களா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றவர், அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் கொடுக்கும் டீயைக் குடித்தபடி வேடிக்கை பார்க்கிறார்.

பல் டாக்டர் கார் வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம், நான் சொல்கிறேன். நெற்றியில் விளக்கு, கையில் சின்னக் கண்ணாடி, வாயில் முகமூடி. என்ஜினுக்குள் எட்டிப் பார்த்து அவர் "நல்லாத் திறங்க" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். கழற்றிய கார்புரேட்டர் வீட்டு முன்னறையில் இருக்கும் கிளினிக்கின் அலமாரியில், மாதிரிப் பல்செட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. புது பம்ப் உள்ளே உட்கார வேண்டும் என்பதற்காகப் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி எக்ஸ்ரே அறையில் ஒரு வாரம் காய வைத்தார். மயக்க மருந்தை மாற்றிவிட்டீர்களா என்று ஒரு நோயாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, லேப்டாப்பை இணைத்துச் சாவியைத் திருப்பினால், கார் மூன்று விநாடி ஓடி, கன்னங்கரேலென்று புகையைக் கக்கிவிட்டு அணைந்துவிட்டது. அடுத்த வீட்டு வக்கீலின் கொடியில் ஏழு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. வேலி ஓரம் வந்து நின்று, "மறுக்காதீங்க டாக்டர், ஏழு சாட்சி தொங்குது" என்றார். இவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். என்ஜினின் வெப்பநிலை மைனஸ் நாற்பது டிகிரி என்று அதில் இருந்தது. குளிர்கிறதாம், அதனால் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறதாம். நாங்கள் நால்வரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். எண்ணைக் கண்டதும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைச் சொன்னேன். "கம்ப்யூட்டர் எதுக்கும்மா பொய் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு, என் கம்பளியை எடுத்து என்ஜினுக்குப் போர்த்தி, என் ஹேர் டிரையரால் அரைமணி நேரம் சூடு காட்டினார். மைனஸ் நாற்பது அப்படியே இருந்தது. "மஃப்ளர் ஒண்ணு கட்டிப் பாருங்க" என்றார் மெக்கானிக், டீ தம்ளரைக் கீழே வைக்காமல்.

இது ஒன்பது நாளாக நடக்கிறது. என் கம்பளியில் பெட்ரோல் வாடை, என் தலை ஈரம், வக்கீல் தினமும் வேலியில் ஒரு சட்டையை மாட்டி வைக்கிறார். இவரோ ராத்திரித் தூக்கத்தில் "இன்னும் குளிருதா?" என்று என்னைக் கேட்கிறார். அந்தக் கார் இந்த வீட்டில் இருக்கும்வரை இவர் தேற மாட்டார். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். மறுத்துப் பேசினால் உங்கள் அந்த நிபந்தனைக்கு நானே சாட்சி.

அண்ணிக்கு என் அன்பு. முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் பல் டாக்டருக்குப் படிக்காதிருப்பார்களாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டு, துவைத்துப் பார்க்கலாமே என்று கம்பளியை எடுக்கப் போனேன். அதன் அடியில் இரண்டு முள் வைத்த ஒரு சென்சார் என்ஜினில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதில் செருக வேண்டிய ஒயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. செருகினேன். சாவியைப் பாதி திருப்பினேன். லேப்டாப்பில் முப்பத்தொரு டிகிரி. நம்பக்கூடிய எண். மீதியையும் திருப்பினேன். சோக் இல்லை, மிதி இல்லை, பத்து எண்ணவில்லை. நான் பேசிக்கொண்டேகூட இருந்தேன். கிளம்பிவிட்டது. புகையும் இல்லை. உள்ளே கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்த உங்கள் மாப்பிள்ளைக்குக் காதில் விழவில்லை, அவ்வளவு அமைதி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் அந்த ஒயரைப் பிடுங்கி, கம்பளியைப் போர்த்தி வைத்துவிடுவேன். அவரே கண்டுபிடிக்கட்டும், பாவம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம்தான். ஆனால் வெளியே போக ஒரு வேலை வேண்டுமே. தபால் நிலையத்துக்கு நடந்தால் ஏழு நிமிடம். இன்று எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.