மஞ்சள் கொடி கட்டிய கடையில் நண்டு

ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத ஊருக்கு நான் பயணக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அதுவும் இரண்டு பக்கம். 'ஹுத்தான் மெலிந்தாங் செல்வோர் கவனத்திற்கு' என்று தடித்த எழுத்தில் தலைப்பு வேறு.

காரணம் காதல். (மூளை லீவில் போக வேறென்ன காரணம் வேண்டும்?) சுபாவின் அப்பா ஓய்வுபெற்ற மலேசிய அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாண வழி. நானோ பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவரின் பேரன். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் வாடகை வீடு. பெண் கேட்டுப் போனபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"தம்பி, புரட்டாசி முடியட்டும். எங்களை ஒரு நாள் எங்கயாவது கூட்டிக்கொண்டு போம். ஒரு பயணத்தை ஒழுங்கா நடத்துறீரோ பார்ப்பம்" என்றார்.

புரட்டாசி முழுக்க அவர் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. மனுஷனுக்கோ நண்டு என்றால் உயிர். ஆகவே ஐப்பசி முதல் நாள், ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊரில் நண்டு விருந்து என்று திட்டம் போட்டேன்.

குறிப்புகளை இணையத்தில் பொறுக்கினேன். மலாய்க்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவும், வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் மூடியிருக்கலாம், இப்படி ஆறு. ஏழாவது மட்டும் என் சொந்த ஆராய்ச்சி: 'மஞ்சள் கொடி கட்டிய சீனர் கடைகளில் அன்று பிடித்த நண்டு கிடைக்கும்.' யாரோ போட்ட படம் ஒன்றில் கொடி, கடை, படகு மூன்றும் சேர்ந்திருந்தன. போதாதா? (ஈப்போவில் வருஷா வருஷம் அந்தக் கொடியைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்திருந்தேன்.)

ஊருக்குள் நுழைந்தால் திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் கொடி. "பாத்தீங்களா அங்கிள், இன்னிக்கு செம வேட்டை லா!" என்றேன். அவர் நான் கொடுத்திருந்த குறிப்புத்தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஏழாவது வரிக்குப் பேனாவால் 'சரி' போட்டார். என் கல்யாணத்துக்கே போட்டது போல மனசு குளிர்ந்துவிட்டது.

கடைக்கார அக்காவிடம் மலாயில் நண்டு கேட்டேன். "அடா, அடா" என்றார். இருக்கிறதாம். சிவப்புக் குழம்பில் நண்டுக் கால்கள் மிதக்கப் பெரிய தட்டு வந்தது. அங்கிள் சட்டைக் கையை மடித்தார், முருகனை நினைத்துக் கண்ணை மூடினார், ஒரு காலை எடுத்துக் கடித்தார்.

"தம்பி, ஓடு எங்க?"

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வாசல் கொடியைக் காட்டி மலாயில் விளக்கினார். ஒன்பது பேரரசர் சாமிகளின் திருவிழாவாம். ஒன்பது நாளும் கொடி கட்டிய கடையில் சுத்த சைவமாம். நண்டு சோயாவில் செய்ததாம். இந்தியர்களும் இந்த மாதம் அசைவம் தொடமாட்டார்களே, தெரிந்துதான் தேடி வந்திருக்கிறீர்கள் என்று எங்களைப் பாராட்டவும் செய்தார். (புரட்டாசி நேற்றே முடிந்தது அவருக்குத் தெரியவில்லை.)

சுபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீர் இந்த ஊருக்கு எத்தின தரம் வந்திருக்கிறீர்?"

கைவசம் நாலு பொய் தயாராக இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "இன்னிக்குதான் மொதத் தடவ அங்கிள்."

"அப்ப இந்த ரெண்டு பக்கம்?"

"அடிச்சு விட்டேன் அங்கிள்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "போகாத இடத்துக்கு ரிப்போர்ட் எழுதின ஆக்களை என்ர சர்வீஸில நிறையப் பார்த்திருக்கிறன். கேட்டவுடன ஒத்துக்கொண்டது நீர் ஒராள்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சோயாக் காலை எடுத்துக் கடித்தார்.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை மாமா லேமினேட் செய்து வைத்திருக்கிறார். வீட்டில் நண்டு சமைக்கிற நாளெல்லாம் அது சாப்பாட்டு மேசை நடுவில் வந்து உட்காரும். கடித்த ஓட்டை எல்லாரும் அதன் மேல்தான் போடவேண்டும்.

"மருமகன், ஏழாவது வரியை மறைக்காமப் போடும்" என்பார்.