கெட்டிமேளத்துக்குள் ஒரு தும்மல்

கிள்ளான்,
ஞாயிறு காலை, பசியாறிய பின்.

மரியாதைக்குரிய மச்சான் முகுந்தன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் கார்த்திகேசு வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை லோகேஸ்வரியும் மகன் பிரவினும் சுகமாக இருக்கிறோம். சுங்கை பூலோவில் உங்கள் முட்டி வலி குறைந்திருக்கும் என்றும், வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்திருப்பீர்கள் என்றும் நம்புகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். என் கைப்பேசியை என்னைவிட உங்கள் தங்கைதான் அதிகம் பார்க்கிறாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது. படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கிழியுங்கள், ஏனென்றால் என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு நடந்ததே இல்லை, மூன்று நாளாக எனக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த மாதம் எனக்கு அறுபது முடிகிறது, கோயில் மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம், உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பரிசாக பிரவின், முப்பத்தைந்து வருடம் அலமாரியில் கிடந்த எங்கள் கல்யாண வீடியோ டேப்பைக் கடையில் கொடுத்து மாற்றி என் கைப்பேசிக்கு அனுப்பினான். படம் முழுக்கக் கோடு கோடாக மழை. ஆனால் சத்தத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தாலி கட்டும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இயர்பட்தான் அப்போது காதில். அதில் தவில் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி கேட்டது. அந்தத் தகர அடிக்கு நடுவில், சரியாக நான் முதல் முடிச்சுப் போடும் நேரத்தில், ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். டேப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். விட முடிந்ததா? காப்பார் மின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் டர்பைன் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்ன காது இது. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்று சாயங்காலமே செண்டோல் கடையில் உட்கார்ந்து மறுபடி ஆராய்ச்சி செய்தேன், குனிந்து ஒரு வாய் உறிஞ்சியபோது வலது இயர்பட் வழுக்கி செண்டோல் கிண்ணத்துத் தேங்காய்ப்பாலுக்குள் முங்கியது, எடுத்துத் துடைத்துப் போட்டால் சீன மொழியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உயிரை விட்டது.

மறுநாள் நம் லிட்டில் இந்தியாவில் ஒரு கைப்பேசிக் கடை. “பேஸ் சும்மா அதிரும் அங்கிள்” என்று சொல்லித்தான் புது இயர்பட்டைக் கொடுத்தார்கள், சொன்னது பொய்யில்லை. தவில் வயிற்றுக்குள் இறங்கி அடித்தது, நாதஸ்வரம் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் மச்சான், அந்த ‘டப்’ இப்போது ‘டப்’ இல்லை. அதில் மூச்சு இருந்தது! மனித மூச்சு! கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடியே கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் நடந்தவன், சேலைக்கடை வாசலில் நின்ற ஓர் அம்மாவின் மேல் மோதி, “சாரி ஆன்டி, சாரி” என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து என் தோளைத் தொட்டு, “அங்கிள், அது பொம்ம லா” என்றார். அந்தப் பொம்மைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அது தும்மல்.

மச்சான், தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள்? தும்மல், இருமல், வாய் தவறி யாராவது சொல்லும் கெட்ட வார்த்தை எதுவும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதானே? எனக்கும் விழவில்லை. முப்பத்தைந்து வருடம் விழவில்லை. இப்போது விழுந்துவிட்டது. இரட்டைத் தும்மலாக இருந்தால் நல்லது, ஒற்றைத் தும்மல் என்றால் ஆகாது, இது உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் சொல்வதுதான். நான் உட்கார்ந்து யோசித்தேன். கல்யாணம் முடிந்து கேமரன் மலைக்குப் போன பஸ் பாதியில் நின்றது. புதுக் கார் எடுத்த மறுநாள் அதன் கூரையில் டுரியான் பழம் விழுந்தது. மூன்று வீடு மாறினோம், மூன்றிலும் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகியது. போர்மன் வேலை என் பெயருக்கு வந்து கடைசி நேரத்தில் கைமாறியது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மனுசனுக்கு எவ்வளவு சந்தோசமாக இருக்கும்! ஆனால் ஒற்றையா இரட்டையா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்கு இருப்பதிலேயே நல்ல இயர்பட் வேண்டும். விலையைக் கேட்காதீர்கள், நானும் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே ருமானா என்ற பெண் கடை வைத்திருக்கிறது, இயர்பட் மட்டும்தான் விற்கிறது, முப்பது வயதிருக்கும், டாக்டர் மாதிரி முதலில் என் காதைத்தான் பார்த்தது.

“அங்கிள், ஒங்க வலது காது கொஞ்சம் பெருசு. ரெண்டுக்கும் வேற வேற சைஸ் ரப்பர் போடணும். சரியா அடைக்கலன்னா எவ்ளோ நல்ல செட்டா இருந்தாலும் சவுண்டு ஓடிப்போயிரும்.”

அறுபது வயதில் ஒருவர் வந்து உன் இரண்டு காதும் ஒரே அளவில்லை என்று சொல்வதைக் கேட்க ஆச்சரியமாக இருந்தது.

“சரி, என்ன மாதிரி மியூசிக் கேப்பீங்க?”

“கெட்டிமேளம்மா.”

“வேற?”

“வேற ஒன்னும் இல்ல. அதுலயும் பதினெட்டு செகண்டு மட்டும்தான்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். நான்கு செட்டை வரிசையாக வைத்தது. முதல் செட்டில் எல்லாம் இனிமையாக இருந்தது, தவில்கூட இனிமையாக இருந்தது, தவில் எதற்கு இனிமையாக இருக்க வேண்டும், வேண்டாம் என்றேன். இரண்டாவதில் நாதஸ்வரம் காதைக் குத்தியது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோரும் ஒரே வேனுக்குள் ஏறி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி நெருக்கியடித்தது. நான்காவதைப் போட்டேன் மச்சான். முதலில் கடையே இல்லாமல் போய்விட்டது. தெருவில் பஸ் இல்லை, ஏர்கான் இல்லை, டர்பைனை நிறுத்தியதும் வருமே ஒரு அமைதி, அது. பிறகு ஒவ்வொருவராக வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். இடது பக்கம் தவில், வலது பக்கம் நாதஸ்வரம், அந்த ஆள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பின்னால் யாரோ சோடா பாட்டில் திறக்கிறார்கள், ஒரு குழந்தை சிணுங்குகிறது. அப்புறம் உங்கள் அப்பா! “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று மாமா கத்துகிறார்! அவர் குரலைக் கேட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அழுதுகொண்டிருக்கும்போதே வந்தது அந்தத் தும்மல், தெளிவாக, பக்கத்தில் நின்று தும்முகிற மாதிரி. காது அடைத்திருந்ததால் என் குரல் எனக்கே தெரியவில்லை. “தும்மல்! தும்மல்!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ருமானாவிடமும் கேட்கச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டது.

“ஒன்னு தெளிவா இருக்கு அங்கிள். அதுக்கப்புறம் சின்னதா இன்னொன்னு கேக்குதே?”

“அது மாலை உரசுற சத்தம்மா. ரோஜா மால, கனம் அதிகம்” என்றேன். கல்யாணம் பண்ணியவனுக்குத் தெரியாதா?

ஆக, ஒற்றைத் தும்மல். தும்மியது யார்? வீட்டுக்கு வந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் முகமும் ஓமப் புகையில் மறைந்திருந்தது. தும்மல் வந்து நான்கே செகண்டில், மணவறையில் லோகேஸ்வரிக்குப் பின்னால் நிற்கிற ஒருவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைக்கிறார். பச்சைக் கட்டம் போட்ட கைக்குட்டை. மீசை. மச்சான், அது நீங்கள்!

எனக்குக் கோபம் இல்லை. தும்மல் யார் கையிலும் இல்லை, ஓமப் புகை அப்படி. ஆனால் அடுத்த மாதம் நான் மறுபடியும் தாலி கட்டப் போகிறேன், மிச்சமிருக்கிற வருடங்களாவது ஒழுகாமல் இருக்க வேண்டும். அதனால் ஒரு வேண்டுகோள். நீங்கள் மணவறைக்கு வர வேண்டாம். பந்திக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி ஒதுக்கி வைக்கிறேன், காலையிலேயே தும்மல் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள். “அண்ணன் என் பக்கத்துலயே நிக்கணும், அப்பா இல்லாத எடத்துல அவருதான்” என்று லோகேஸ்வரி தினமும் சொல்கிறாள். உங்கள் முட்டியைக் காரணம் காட்டி நான் சமாளித்து வைத்திருக்கிறேன். நீங்களும் போனில் கொஞ்சம் நொண்டிப் பேசுங்கள். இதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவள் முகம் வாடினால் நான் தாங்க மாட்டேன்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் முருகன் அருளால் நோய் நொடியின்றி, முக்கியமாகச் சளி இன்றி, நீடூழி வாழ வேண்டுகிறேன்.

என்றும் அன்பு மாறாத மாப்பிள்ளை,
கார்த்திகேசு

பி.கு.: இது திங்கட்கிழமை எழுதுவது. ஸ்டாம்பு தேடிவிட்டு வருவதற்குள் உங்கள் தங்கை உறையைப் பிரித்து முழுதும் படித்துவிட்டாள். இயர்பட்டை எடுத்துக் காதில் போட்டு, “எங்க, அந்த எடத்தப் போடுங்க” என்றாள். போட்டேன்.

“இது அண்ணன் இல்ல. நீங்க.”

“யாரு, நானா?”

“தெனம் காலையில பாத்ரூம்ல கேக்குறேன் லா, எனக்குத் தெரியாதா? என் கழுத்துல கைய வச்சிக்கிட்டே தும்முனீங்க. பொகையில ஒங்களுக்குக் கண்ணே தெறக்கல, முடிச்சு விழணுமேன்னு அதுலயே இருந்தீங்க.”

“அப்ப மச்சான் கையில கைக்குட்டை?”

“அண்ணன் அழுதாரு. என்னைக் குடுத்துட்டோமேன்னு அழுதாரு. அதுவும் தெரியாதா ஒங்களுக்கு?”

அப்படியானால் ஒற்றைத் தும்மல் நான் போட்டதா, இத்தனை வருடம் ஒழுகியதெல்லாம் என்னாலா என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஒத்தத் தும்மல்னு யார் சொன்னா? ஆகாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்களே, அதான் நானும் ஒடனே ஒன்னு போட்டேன். வராத தும்மல்தான். குனிஞ்சபடியே, யாருக்கும் கேக்காம.”

சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். நான் அந்தப் பதினெட்டு செகண்டை மறுபடி போட்டேன் மச்சான். என் தும்மலுக்கு அடுத்து, மாலை உரசல் என்று நான் சொன்ன இடத்தில், சின்னதாக ஒரு ‘ச்’. ருமானாவுக்குக் கேட்டது, எனக்குத்தான் கேட்கவில்லை. இப்போது அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை, அண்ணன் படித்துச் சிரிக்கட்டும் என்கிறாள். மூன்றாவது வரிசை நாற்காலியை எடுத்தாயிற்று. நீங்கள் மணவறையில் அவள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கைக்குட்டை இரண்டாகக் கொண்டுவாருங்கள், ஒன்று எனக்கு. மேளக்காரரிடமும் பேசிவிட்டேன், இந்தத் தடவை கெட்டிமேளத்தைக் கொஞ்சம் சத்தம் குறைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.