ஏழு ஊர், ஏழு தறி

கண்ணுகளா, உங்கள் அப்பன் படித்தது பத்தாம் வகுப்பு. வரலாற்றில் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். அப்பேர்ப்பட்டவன் ஒருமுறை வரலாறே எழுதினேன்.

நான் மல்லசமுத்திரம். உங்கள் அம்மா அமுதா குமாரபாளையத்தில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டோம். ஒரு வருசம் கழித்துத்தான் அம்மாவைப் பெற்ற தாத்தா என்னை வீட்டுக்குள் விட்டார். பேச மட்டும் மாட்டார். நான் இலைமுன் உட்கார்ந்தால், "அவருக்கு ரசம் ஊத்து" என்று சுவரிடம் சொல்வார். அவர் வாயால் ஒரு 'மாப்ளே' வாங்கியே தீருவது என்று, அவர்கள் பூர்வீகத்தை ஆராய்ந்து குலதெய்வப் பொங்கலன்று படிக்கக் கிளம்பினேன். (போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வெல்டிங் வைக்கிறவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!)

தாத்தாவின் அண்ணனிடம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"உங்க முன்னோருங்க எந்த ஊர்லருந்து வந்தாங்க?"

அவர் காதருகே கையை வைத்து, "ஏளு" என்றார். (நம் பக்கம் ழகரம் அப்படித்தானே வரும்? 'ஏழு' என்று எழுதிக்கொண்டேன்.)

"ஏழு ஊருங்களா! எத்தன குடும்பமுங்க?"

"ஏளு!"

"தறி?"

"ஏளப்பா, ஏளு!" என்று எரிந்து விழுந்தார். மூன்று முறை சொல்லிவிட்டார்; ஆதாரம் பலமாகிவிட்டது.

பொங்கலன்று மைக்கைப் பிடித்தேன். "ஏழு ஊர்களிலிருந்து ஏழு குடும்பங்கள், ஏழு தறிகளைச் சுமந்து, காடுமலை தாண்டி..."

முன்வரிசையில் அதே பெரியவர் மறுபடி காதில் கையை வைத்து, "ஏளு!" என்றார்.

"பாருங்க, அவரே சொல்றாரு!" என்று கத்தினேன். கோயிலே சிரித்தது. உங்கள் அம்மா ஓடிவந்து சட்டையை இழுத்தாள்.

"ஐயோ, நிறுத்துங்க! ஏளுன்னா எங்க பேச்சுல 'சொல்லு'ங்க. பெரியப்பாவுக்குக் காது கேக்காது!"

காலுக்குக் கீழே பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாகக் குதித்திருப்பேன். தாத்தா எழுந்து வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஒரு குடும்பத்த உட்டுட்டீங்களே, மாப்ளே."

"எ... எதுங்க?"

"எட்டாவது. மல்லசமுத்திரத்துலருந்து ஒருத்தர் வெல்டிங் மெசினோட வந்தாருங்களே!"

இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு 'ஏழு மாப்ளே' என்றுதான் பேர். கேட்காமலே ஏழு இட்லி வைக்கிறார்கள்.

அன்று எல்லோரும் பந்திக்குப் போனபின், கோயில் மதிலோரம் தனியாக நின்று செல்போனை எடுத்தேன். 'அமுதா அப்பா' என்றிருந்ததை அழித்து, 'மாமா' என்று பதிந்துகொண்டேன்.