லேமினேட் மாமாவும் ஷர்வினியோட பாஸ்போர்ட்டும்

ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு செவ்வாக்கெழம. அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலதான். சிரம்பானுக்குப் போயி தங்கச்சி மகளோட பாஸ்போர்ட்ட புதுப்பிச்சிட்டு வரணும்.

அவ்ளோதான். ரெண்டு மணி நேரத்து வேல. மத்தியானச் சோத்துக்கு எங்க ஊரு மந்தினுக்குத் திரும்பிடுவேன்னு என் பொண்டாட்டி கலாகிட்ட சொன்னேன்.

கலா சும்மா சிரிச்சா.

விஷயம் இதுதான். என் தங்கச்சி மாலாவும் மச்சானும் கத்தார்ல வேல செய்றாங்க. மாலா அப்ப ரெண்டாவது முழுகாம இருந்தா. ஆரம்பத்துல ஒரே வாந்தி, எழுந்திரிக்கவே முடியல. அதனால மூத்தவ ஷர்வினிய, ஆறு வயசு, எங்ககிட்ட கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு மச்சான்.

அந்தச் சமயத்துல மாலாவுக்கு எட்டாம் மாசம் தொடங்கப்போகுது. "பாப்பா வர்றதுக்கு முன்னால என் மூத்தவ என் பக்கத்துல இருக்கணும்ணே"ன்னு தெனமும் போன்ல அழுகை. கலா பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போறதா முடிவாச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு. அதுக்கப்பறம்தான் பாத்தோம், ஷர்வினி பாஸ்போர்ட்ல மூணே மாசம் பாக்கி. ஆறு மாசம் இல்லன்னா பிளேன்ல ஏத்த மாட்டான்!

"அண்ணே, நீ பாத்துக்குவியா?"ன்னா மாலா.

"நான் யாரு? கிராணிலா!"

ஆமாங்க. நான் எண்ணெய் எடுக்கிற செம்பனை எஸ்டேட்ல கிராணி. லோரில வர்ற பழத்த நிறுத்து எழுதுற வேல. எஸ்டேட்ல யாருக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் மொதல்ல என்கிட்டதான் கொண்டாருவாங்க. நான் கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, "ம்ம்"முனு ஒரு சத்தம் குடுப்பேன். அதுக்கே பாதிப் பேரு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க.

ஆபீஸ்ல ஒரு லேமினேட் மெஷின் வேற இருக்கு. அது வந்த நாள்லேருந்து நான் சும்மா விட்டதில்ல. லோரி டர்ன் லிஸ்ட், பொது லீவு லிஸ்ட், கக்கூஸ் கழுவுற முறை, எல்லாம் பளபளன்னு பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கும்.

பாஸ்போர்ட்டுக்குத் தேவைன்னு கத்தார்லேருந்து ஒரு சம்மத சூராட் வந்துச்சு. 'எங்க பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட தாய்மாமனுக்கு அனுமதி குடுக்கிறோம்'னு மாலாவும் மச்சானும் எழுதி, அங்க இருக்கிற நம்ம மலேசியத் தூதரகத்துல முத்திரை குத்தி அனுப்புன கடிதம்.

எவ்ளோ முக்கியமான பேப்பரு! மழையில நனைஞ்சிட்டா? காப்பி கொட்டிட்டா?

புரிஞ்சிருக்கும்.

செவ்வாக்கெழம காலையில ஷர்வினி வெள்ள கவுனு போட்டுக்கிட்டு நின்னா. பாலர் பள்ளி விழாவுல தேவதையா ஆடுனப்ப தச்சது. கழுத்துலேருந்து முட்டி வரைக்கும் வெள்ள ஜிகினா.

"கருப்புச் சட்ட போடச் சொன்னாளே மாலா"ன்னா கலா.

"எப்ப சொன்னா?"

"வாய்ஸ் மெசேஜ்ல. நாலாவதுல."

நான் ரெண்டாவதோட நிறுத்திட்டேன். ஆனா ஒத்துக்குவனா? "போட்டோதானே! பிள்ள ஆசப்படுது, விடு"ன்னு சொல்லிட்டுக் காடிய ஸ்டார்ட் பண்ணுனேன்.

சிரம்பான் பாஸ்போர்ட் ஆபீஸ்ல கூட்டமே இல்ல. நம்பர் உடனே கெடச்சிச்சு. எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்து போச்சு.

போட்டோ எடுக்கிற எடத்துல ஒரு மலாய்க்காரப் பொண்ணு ஷர்விய உக்கார வச்சி, கேமராவப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா. பின்னாடி வெள்ளத் துணி. முன்னாடி வெள்ள கவுனு. ஸ்கிரீன்ல என் மருமக தல மட்டும் தனியா மெதந்துக்கிட்டிருந்துச்சு.

"என்சிக், கருப்பா ஏதாச்சும் இருக்கா?"ன்னு மலாய்ல கேட்டுச்சு அந்தப் பொண்ணு.

சுத்திப் பாத்தேன். அங்க கருப்பா இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நானு. இன்னொண்ணு என் சட்ட.

ஓரமாப் போயி கழட்டி, அவ கவுனுக்கு மேல மாட்டி, கைய நாலு மடிப்பு மடிச்சு விட்டேன்.

"நாறுது மாமா."

"ஒரு நிமிஷந்தான்டா செல்லம்."

"செம்பனை நாத்தம் அடிக்குது! என் ஜிகினா தெரியல!"

கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. அந்த மூஞ்சியோடவே போட்டோ எடுத்தாச்சு. அடுத்த அஞ்சு வருஷத்துக்கு எந்த நாட்டுக்குப் போனாலும், அவள யாரோ கடத்திக்கிட்டுப் போற மாதிரிதான் இருக்கும்.

சட்டயத் திருப்பிக் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டா. நாறுதுன்னு அழுத அதே சட்டய ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிக்கிட்டா. பழி வாங்குறாளாம்!

அதுக்குள்ள வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா ஓடி வந்தாரு. நம்மாளு, பக்கத்துல ரஹாங் ஊருக்காரரு.

"அண்ணே, பனியனோட உள்ள நிக்கக்கூடாதுண்ணே. கைலி, சிலிப்பர், பனியன், மூணும் கூடாது. போர்டு போட்டிருக்கு பாருங்க."

போர்டப் பாத்தேன். அருமையா லேமினேட் பண்ணியிருந்தாங்க.

ஷர்விய இழுத்துக்கிட்டு காடிக்கு ஓடினேன். பின்னாடி பூட்ல, மோட்டார்ல போறப்ப போடுற மழக்கோட்டு ஒண்ணுதான் கெடந்துச்சு. எலுமிச்சம்பழ மஞ்சள். அத மாட்டி, கழுத்து வரைக்கும் ஜிப்ப ஏத்திக்கிட்டு வந்தேன். வெளிய மண்டையப் பொளக்கிற வெயிலு.

ஜாகா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. போர்டையும் ஒரு தடவ படிச்சாரு. மழக்கோட்டப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

"போங்கண்ணே"ன்னாரு, பாவமா.

கவுண்டர்ல, தலையில தூடோங் துணி கட்டுன ஒரு அம்மா. ரொம்ப தன்மையான ஆளு. பேப்பர ஒண்ணொண்ணா அடுக்கினேன். என் ஐசி கார்டு, பொறந்த சூராட், பழைய பாஸ்போர்ட். கடைசியா, பெருமையோட, சம்மத சூராட்.

அந்த அம்மா அத எடுத்தாங்க. தட்டிப் பாத்தாங்க. டக் டக்குனு சத்தம் வந்துச்சு.

"என்சிக், இத ஏன் லேமினேட் பண்ணீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு, புவான்."

"இதுல நான் முத்திர சாப் வைக்கணும். அப்பறம் பைல்ல போடணும். பிளாஸ்டிக்ல எப்படி வைக்கிறது?"

அதோட விட்டாங்களா? பொறுமையா வழியும் சொன்னாங்க. "இன்னொரு அசல் இருந்தா கொண்டாங்க. இல்லன்னா கத்தார்லேருந்து புதுசா வரணும்."

கத்தார்லேருந்து புதுசா வர ரெண்டு வாரம் ஆகும். டிக்கெட்டு அடுத்த வெள்ளிக்கெழம! மழக்கோட்டுக்குள்ள ஊத்துன வேர்வை அப்படியே ஜில்லுன்னு ஆயிடுச்சு. மாலா முகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

கிராணி மூள சும்மா இருக்குமா? சூடு பண்ணி ஒட்டுனத சூடு பண்ணியே பிரிக்கலாமே!

"புவான், அர மணி நேரம் குடுங்க!"

பக்கத்துல தெமியாங்ல ஒரு முடி வெட்டுற கட. நம்ம தமிழ் அக்கா ஒருத்தவங்க நடத்துறாங்க. மஞ்சள் மழக்கோட்டுல நானு, முட்டி வரைக்கும் ஆம்பள சட்ட போட்ட தேவதையா ஷர்வி. கதவத் தொறந்ததும் அந்தக்கா சீப்பக் கீழ போட்டுட்டாங்க.

"அக்கா, ஹேர் டிரையர் அடிக்கணும்."

"யாருக்கு?"

"இதுக்கு."

சூராட்டப் பாத்தாங்க. என் மண்டயப் பாத்தாங்க. அதுலயும் அடிக்க ஒண்ணும் இல்ல.

"முடிக்குத்தான் அடிச்சிருக்கேன் தம்பி. பேப்பருக்கு அடிச்சதில்லலா."

ஆனா நல்ல மனசு, அடிச்சாங்க. ஓரத்துல பிளாஸ்டிக் லேசா எழும்புச்சு. "வருது, வருது!"ன்னு கத்துனேன். கடையில இருந்த ரெண்டு கஸ்டமரும் எந்திரிச்சு வந்து பாத்தாங்க. நான் ஆர்வக் கோளாறுல புடிச்சி ஒரே இழுப்பு இழுத்தேன்.

வந்துச்சு. பிளாஸ்டிக்கோட சேந்து பேப்பரோட மேல் தோலும் வந்துச்சு. மச்சான் கையெழுத்து, தூதரக முத்திரை, என் பேரு, எல்லாம் பிளாஸ்டிக்ல. 'எங்க பிள்ளைக்காக'ங்கிற வார்த்த மட்டும் பேப்பர்ல.

அந்தக்கா டிரையர அணச்சுட்டாங்க.

"அம்மா எழுதுன லெட்டர கிழிச்சிட்டீங்க"ன்னா ஷர்வி.

"கிழிக்கலடா. பிரிச்சேன்."

அதுக்கப்பறம் அவ எங்கூடப் பேசவே இல்ல.

ரெண்டு துண்டையும் தூக்கிக்கிட்டுத் திரும்ப கவுண்டருக்குப் போனேன். அந்த அம்மா பேப்பரப் பாத்தாங்க, பிளாஸ்டிக்கப் பாத்தாங்க, மழக்கோட்டப் பாத்தாங்க, ஆம்பள சட்டைக்குள்ள அழுதழுது மூஞ்சி வீங்கிப்போன பிள்ளையப் பாத்தாங்க. அவங்க கொரல் மாறுச்சு. குனிஞ்சு ஷர்விகிட்ட கேட்டாங்க.

"அடேக், இவரு யாரு?"

"சொல்லும்மா"ன்னேன், பல்லு தெரிய.

ஷர்வி என்னை நிமிந்து பாத்தா. திரும்பி அந்த அம்மாவப் பாத்தா. சுத்தமான மலாய்ல சொன்னா:

"தா கெனால்."

அதாவது, 'எனக்கு இவரத் தெரியாது.'

பாலர் பள்ளிக்கு அனுப்புனது வீண் போகல!

ஜாகா எம்பக்கத்துல வந்து நின்னாரு. இந்தத் தடவ 'அண்ணே' இல்ல. "சார், கொஞ்சம் இப்படி உக்காருங்க."

பின்னாடி வரிசையில ஒரு பாட்டி தன் பேரன இழுத்து மடியில வச்சிக்கிட்டாங்க. நாப்பத்தாறு வயசுல, சொந்த ஊர்ல, பிள்ள புடிக்கிறவனா உக்காந்திருந்தேன்.

மாலாவுக்கு வீடியோ கால் அடிச்சேன். அங்க விடிஞ்சும் விடியாத நேரம். மூணாவது ரிங்ல எடுத்தா. தல கலைஞ்சு, கண்ணு பாதி மூடி, "என்னாண்ணே?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ஷர்வி போனப் புடுங்கிட்டா.

"அம்மா!"

அந்த ஒரு வார்த்ததான் ஒழுங்கா வந்துச்சு. மீதியெல்லாம் அழுக. மாமா என் கவுன மூடிட்டாங்க, மாமா லெட்டர சுட்டுட்டாங்க, என்னைய பிளேன்ல ஏத்த மாட்டாங்களாம், நான் எப்பம்மா வருவேன்? மாலா வெரலால ஸ்கிரீனத் தடவிக்கிட்டே இருந்தா. கவுண்டர்ல இருந்த அம்மா டிஷ்யூவ நீட்டுனாங்க. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு எனக்கு. நானும் அழுதுக்கிட்டிருந்தது அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு.

மாலா மலாய்ல அந்த அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னா. இவரு என் கூடப்பொறந்த அண்ணன்தான், கொஞ்சம் இப்படித்தான்னு. ஜாகா மறுபடி 'அண்ணே'வுக்கு வந்தாரு. அப்பறம் மாலா எம்பக்கம் திரும்புனா.

"சூராட்ட லேமினேட் பண்ணிட்டியா?"

"எப்படித் தெரியும்?"

"என் கல்யாணப் பத்திரிகையவே லேமினேட் பண்ணவன்தானே நீ! அதான் ரெண்டு அசல் எடுத்தேன். ஒண்ணு உனக்கு அனுப்புனேன். இன்னொண்ணு அண்ணிக்கு."

கலாவுக்கு போன் அடிச்சேன்.

"ஆமா, இருக்கு. பீரோவுல."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதையும் கொண்டு போயி மெஷின்ல விட்டுடுவீங்கன்னு மாலாதான் சொல்ல வேணாம்னா. கெளம்பி ரெடியாத்தான் இருக்கேன். நீங்க போன் பண்ண இவ்ளோ நேரம் ஆகும்னுதான் நெனைக்கல."

முக்கா மணி நேரத்துல பக்கத்து வீட்டுக் காடியில வந்து எறங்குனா. கையில ஒரு சாதாரண பேப்பர் கவரு. அதுக்குள்ள சூராட்டு, மடிப்புக் கலையாம. இன்னொரு கையில எனக்கு ஒரு சட்ட.

அந்த அம்மா டப்புனு சாப் வச்சாங்க. பேப்பர்ல சாப் விழுற சத்தம் இவ்ளோ இனிமையா இருக்கும்னு எனக்கு அது வரைக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்துல புது பாஸ்போர்ட்டு கைக்கு வந்துடுச்சு. ஷர்வி அத நெஞ்சோட அணச்சிக்கிட்டு, திரும்புற வழியெல்லாம் என் மடியில தூங்கிக்கிட்டே வந்தா. காடிய கலா ஓட்டுனா. என்னைய நம்பி இனிமே ஸ்டீரிங்கயும் குடுக்கிறதா இல்லயாம்.

வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் பறந்தாங்க. மாலாவுக்குப் பையன் பொறந்திருக்கான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. வருஷக் கடைசியில எல்லாரும் இங்க வர்றாங்களாம். சின்னவன் பேருல இங்க கொஞ்சம் பேப்பர் வேல இருக்காம். அத யாரு பாக்குறதுன்னு குடும்ப வாட்சப் குரூப்ல ஓட்டெடுப்பே நடந்துச்சு.

எனக்கும் ஒரு பொறுப்பு ஒதுக்கியிருக்காங்க: அன்னிக்கு முழுக்க நான் வீட்டுலயே இருக்கணும்.