சொட்டரின் கார் ஒழுகாத ஞாயிறு

வலிகாமத்தில் எண்ணெய்ச் சொட்டு விழாத தார் வீதி ஒன்றை யாராவது கண்டால், அந்த வீதியால் சொட்டர் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். நான் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் வரை குனிந்தபடி நடந்து பார்க்கலாம். முதுகு பிடித்துக்கொண்டால் என்னிடம் வரவேண்டாம்.

சொட்டர் என்று ஊர் பட்டம் வைத்த அந்த மனுஷனிடம் தகப்பன் விட்டுப்போன ஒரு ஏ40 கார் இருந்தது. என்னைவிட வயது கூடிய கார். ஒரு காலத்தில் நீல நிறம் என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படிப் பழைய கார்கள் இன்னும் கனக்க ஓடுகின்றன. வெங்காய மூட்டையும் ஏற்றும், மாப்பிள்ளையையும் ஏற்றும். எல்லாம் கொஞ்சம் ஒயில் ஒழுகும். ஆனால் மற்றக் கார்கள் ஒழுகின. சொட்டரின் கார் பெய்தது.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை மறைக்க நான் ஏன் மினக்கெட வேண்டும்? நான் என் படலைக்கு முன்னால் புதுச் சீமெந்து போட்டேன். அது காய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அதன் நடுவில் கறுப்பாக, ஒரு தோசை அளவில் அவர் முத்திரை விழுந்தது. நான் படலையில் நின்று கத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கி, காது கேளாதவர் மாதிரிச் சிரித்தார்.

அந்தச் சொட்டுகளால் அவருக்கு இரகசியம் என்று ஒன்று இருக்கவில்லை. எங்கே போனார், எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று வீதியே சொல்லிவிடும். ஒருமுறை, இரண்டு கிழமையாகப் பின்னேர ஆராதனைக்கு ஆளைக் காணவில்லையே என்று போதகர் அவரைத் தேடிப் புறப்பட்டார். பாதி வழியில் சொட்டுகள் இடப்பக்கம் திரும்பின. போதகரும் திரும்பினார். சொட்டுகள் கள்ளுத் தவறணையின் வாசலில் முடிந்தன. எஞ்சின் சூடாகிவிட்டது, ஆறவிட்டேன் என்றாராம் சொட்டர். எஞ்சின் ஆறினதோ, நீர் ஆறினீரோ என்று கேட்டாராம் போதகர்.

ஒழுக்கைத் திருத்துங்கள் என்று ஊரே சொன்னது. நான் எல்லோரையும்விட உரத்துச் சொன்னேன். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"ஒழுகிற கார் எண்டால் உள்ளை ஒயில் இருக்குது, தம்பி. ஒழுகாட்டித்தான் பயப்படவேணும்."

இப்படி ஒழுகவிடுகிற மனுஷன் கிடைத்த ஒயிலை ஊற்றுவார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பெண் பார்க்கப் போனாலும் அவ்வளவு கேள்வி கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு ஒயில் கடை முதலாளி, அவர் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டாலே பின்பக்கத்தால் வெளிக்கிட்டுவிடுவார். பிடிபட்ட நாட்களில் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து காட்ட வேண்டும். சொட்டர் பெருவிரல் நகத்தில் ஒரு துளி விடுவார். கையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லத் தொடங்குவார். ஆமென் சொல்லும்போது துளி சரியாக மணிக்கட்டில் வந்து நிற்க வேண்டும். முந்திப் போனால் அது தண்ணீர். பிந்தினால் அது தார். புதுக் கார்களுக்கு வருகிற மெல்லிய ஒயில்கள் பாதிச் செபத்திலேயே முழங்கையைத் தாண்டிவிடும். உந்த ஒயிலைக் குடிக்கத்தான் குடுக்கலாம் என்று போத்தலை மூடித் திருப்பிக் கொடுப்பார். கடைசியில் எப்போதும் வாங்குவது அதே இருபது-ஐம்பது நம்பர் தடிப்பு ஒயில்தான். முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிற சைவக்காரர். இன்றைக்கு அந்தச் செபம் அவருக்கும் மனப்பாடம்.

ஒயில் மாற்றுகிற நாளில் அவர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, அடி நட்டைக் கழற்றிவிட்டு, கதிரை போட்டுப் பக்கத்தில் இருப்பார். கடைசித் துளியும் தானாக விழும்வரை பொழுது போனாலும் அசையமாட்டார். அவசரப்பட்டு நட்டைப் பூட்டுகிறவனுக்கு மனச்சாட்சி இல்லை என்பது அவர் கொள்கை. கழித்த ஒயிலுக்கு அயலட்டை வாளியோடு நிற்கும். வேலிக் கதியாலுக்குப் பூசினால் கறையான் வராது. அவரிடமிருந்து உலகத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அது என்று நான் அப்போது சொல்லித் திரிந்தேன்.

இனி ரீச்சருக்கு வருவோம்.

என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு ரீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சொட்டரின் ஒரே தங்கை. கல்யாணம் கட்டாத சொட்டருக்கு ஊரில் இரத்த உறவு என்று இருந்ததும் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கதைக்காமல் இருந்தார்கள். காரணம் காணி இல்லை, சீதனம் இல்லை. ஒயில்.

யுத்த காலத்தில் குடாநாட்டுக்குள் பெற்றோலும் வரவில்லை, எஞ்சின் ஒயிலும் வரவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ரீச்சரின் கணவர், பாவம், நல்ல மனுஷன், ஒரு அலுவலாகப் பருத்தித்துறைக்குப் போக மைத்துனரின் காரை இரவல் வாங்கினார். வழியில் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தால் காய்ந்து கிடக்கிறது. கார் கெட்டுப்போகுமே என்று பயந்து, ஒரு கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டார். கார் வடை சுடுகிற வாசத்தோடு கொஞ்சத் தூரம் வந்து, வல்லைவெளியில் இறுகி நின்றது. நாலு பேருக்கு முன்னால் சொட்டர் அவரைப் பார்த்து, உமக்கு மண்டைக்குள்ளும் தேங்காயெண்ணெய்தான் இருக்கிறது என்றார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை ரீச்சர் பார்த்தார். இனி என் படலைக்குள் கால் வைக்க வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொன்னார்.

சொட்டர் அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றினார். மைத்துனர் இறந்தபோதும் வந்தார். படலைக்கு வெளியே வெயிலில் நின்றார். பிரேதம் வெளிக்கிட்டதும் பின்னால் போனார். உள்ளே கால் வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். ரீச்சர் காலை ஆராதனைக்குப் போனபிறகு வருவார். ஒழுங்கை ஒடுக்கம். அவர் காரை நிறுத்தினால் பாதி அவர் தங்கையின் படலைக்கு முன்னால், பாதி என் சீமெந்தில். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அந்தப் பூட்டின வீட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ரீச்சர் திரும்புவதற்கு முன் போய்விடுவார். எஞ்சினுக்குக் கிழமைக்கு ஒரு ஓட்டம் வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று நான் கேட்காமலே ஒருநாள் சொன்னார்.

போன வருடம் ரீச்சருக்குக் கனடா சரிவந்தது. மகள் கூப்பிட்டிருந்தாள். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தருவதாகச் சொன்னார். அந்த ஞாயிறு சொட்டர் வந்ததும் நான் நேராகப் போய்ச் சொன்னேன். எனக்குச் சுற்றிவளைக்க வராது. ரீச்சர் போகிறா, அடுத்த மாதம், ஒரேயடியாக என்றேன். அவர் முன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அங்கத்தைக் குளிருக்கு எத்தினையாம் நம்பர் ஒயில் பாவிக்கினம், தம்பி?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷனா இது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஒயில் கடை முதலாளி எனக்குச் சொன்னார். அந்தக் கிழமை சொட்டர் கடைக்கு வந்திருக்கிறார். வழக்கம்போல நகத்தில் துளியை விட்டுச் செபத்தைத் தொடங்கியிருக்கிறார். மற்றவர்களை மன்னிக்கிறது பற்றிய வரி வருகிற இடத்தில் வாய் நின்றுவிட்டது. கண்ணை மூடினபடி நிற்கிறார். துளி மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, சேர்ட்டுக்குள் போய்விட்டது. மிச்சத்தை முதலாளிதான் சொல்லி முடித்தாராம். சொட்டர் இரண்டு கான் இருபது-ஐம்பது வாங்கிக்கொண்டு, கராஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். வாழ்நாளில் வேறு ஒருவரைத் தன் எஞ்சினைத் தொட விடாத மனுஷன். மெக்கானிக் ஒயில் தொட்டியை இறக்கி, ஒயில் கசியாமல் அடைக்கிற பக்கிங்குகளை எல்லாம் மாற்றினார். சொட்டரின் புத்திமதி தாங்காமல் இடையில் இரண்டு தரம் வேலையை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்தாராம்.

அடுத்த ஞாயிறு சொட்டர் வந்தார், இருந்தார், போனார். நான் வாளியும் சவர்க்காரத் தூளுமாக வெளியே வந்து பார்த்தால் சீமெந்தில் ஒரு பொட்டு ஒயில் இல்லை. எனக்குச் சந்தோஷம்.

ஆராதனை முடிந்து ரீச்சர் வந்தார். வெள்ளைச் சீலை, குடை, கையில் வேதாகமம். படலையில் கை வைத்தவர் நின்றார். நிலத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் நடந்து பார்த்தார். இந்தப் பக்கம் நடந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, அண்ணை இண்டைக்கு வரேல்லையோ?"

இத்தனை வருடத்தில் அண்ணை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் இந்த மனுஷி கோயிலால் வந்து அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்.

"வந்தவர், ரீச்சர். நல்லாத்தான் இருக்கிறார். கார் ஒழுகேல்லை, அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யாரும் நேரே சொல்லமாட்டார்கள். முதலில் நல்லாத்தான் இருக்கிறார் என்பார்கள். பிறகு கொஞ்சம் சுகமில்லை. பிறகு எதற்கும் ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போங்கோ. வந்து பார்த்தால் வாசலில் பந்தல் நிற்கும். ரீச்சர் குடையை மடக்கிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எப்பவும் எரிஞ்சு விழுகிற நீர் இண்டைக்கு ஏன் தம்பி ஆறுதலாக் கதைக்கிறீர்? எப்ப நடந்தது?"

பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ண அவர் அழத் தொடங்கினார்.

"ஒழுகாத காரிலை என்ரை அண்ணை வாறதோ? பொய் சொல்லத் தெரியாட்டி விடும்."

உண்மையை மட்டும் சொல்லி ஊரோடு பகைத்துக்கொண்ட என்னை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பொய்யன் என்றார். வேறு வழியில்லாமல் ஓட்டோ பிடித்தேன். ஓட்டோக்காரப் பையன் வெள்ளைச் சீலையையும் அழுகையையும் பார்த்துப் பாட்டை நிற்பாட்டினான். சண்டிலிப்பாய்ச் சந்தியில் நின்றவர்களும் பார்த்தார்கள். சொட்டரின் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பின்னால் இரண்டு சைக்கிள் வந்தது. ஒருவர் கதிரை வாடகைக்கு விடுகிற ஆளுக்குப் போன் எடுத்துக்கொண்டே வந்தார்.

வளவுக்குள் கார் நின்றது. காருக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டியபடி தெரிந்தன. அசைவில்லை. ஒரு செருப்புக் கழன்று கிடந்தது. சற்று முன்தான் அவரைக் கண்ட எனக்கே சந்தேகம் வந்தது.

"அண்ணை," என்றார் ரீச்சர்.

கால்கள் வெடுக்கென்று மடங்கின. ஒயில் தொட்டியில் தலை இடிபட்ட சத்தம் கேட்டது. ஒழுகுகிறதா என்று பார்க்கக் கீழே படுத்த மனுஷன், ஒன்றும் ஒழுகாததால் நித்திரையாகிவிட்டார். நெற்றியில் கிறீஸும் வீக்கமுமாக வெளியே வந்து எங்களைப் பார்த்தார். வெள்ளைச் சீலையில் தங்கை. பின்னால் நான். எனக்குப் பின்னால் சந்திச் சனம்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ரீச்சர்தான் கதைத்தார், அழுகையோடு, ஆனால் வகுப்பில் கதைக்கிற மாதிரி.

"ஏன் ஒழுகேல்லை?"

"பக்கிங் மாத்தினனான்."

"ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்?"

சொட்டர் கழன்ற செருப்பைக் காலால் தேடினார். "கட்டுநாயக்கா எயாப்போட் மட்டுக்கும் ஒழுகாமல் போகவேணுமெல்லே. உன்னை வேற ஆரும் ஏத்திக்கொண்டுபோக விடுவனே? படலைக்குள்ளை வரமாட்டன். வெளியிலை நிப்பன். நீ வந்து ஏறு."

ரீச்சர் சீலைத் தலைப்பை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சீலை, கறுப்பாகிப் போனது. அவர் துடைக்கத் துடைக்கச் சொட்டர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்:

"உண்மையிலை பாத்தால், தேங்காயெண்ணெயிலையும் கார் நல்லாத்தான் ஓடினது. உன்ரை மனுசன் செய்தது பிழையில்லை."

இது பச்சைப் பொய். அந்த எஞ்சினைப் பிரித்துச் சரிக்கட்ட அவருக்கு ஒரு வருடம் எடுத்தது ஊருக்கே தெரியும். ஒயிலைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் இதுதான். செத்தவீட்டுக்கு வந்த சனம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தது. கதிரைக்கு மட்டும் திரும்பப் போன் எடுக்க வேண்டியிருந்தது.

கட்டுநாயக்காவுக்கு நானும் போனேன். எனக்குப் பக்கத்தில் பின் சீட்டில் இரண்டு கான் ஒயில், திறக்கத் தேவைப்படவில்லை. முன்னால் இரண்டு பேரும் ஆனையிறவு வரை அழுதார்கள், வவுனியாவிலிருந்து சண்டை பிடித்தார்கள். ரீச்சர் விமானம் ஏறினார்.

சொட்டர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். காலையில் ஒளித்து வர வேண்டிய தேவை இல்லை என்பதால் பின்னேர ஆராதனை முடிந்தபிறகு வருகிறார். எதிர்வீட்டுத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அவர் அங்கே போகாமல் என் வீட்டு விறாந்தையில் இருக்கிறார். அந்த நேரம் கனடாவில் காலை. ரீச்சர் கோயிலுக்கு வெளிக்கிடுவதற்கு முன் என் போனுக்கு எடுக்கிறார். காருக்குக் கீழே காட்டுங்கோ என்கிறார். சொட்டர் என் போனைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே தவழ்கிறார். மருமகனின் காருக்கு என்ன ஒயில் விடுகிறார்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டுத் தலையில் அடிக்கிறார். இரண்டு பேரும் கத்திக் கத்திக் கதைக்கிறார்கள். என் டேட்டா முழுவதும் அந்த எஞ்சினின் அடிப்பக்கத்துக்கே போகிறது.

நான் போட்டு வைத்த தேத்தண்ணி அதற்குள் ஆறிப்போய்விடும். நான் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறேன். வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்வதில்லை.