ரோஸ் சோடா

எங்கள் பள்ளத்தாக்கில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நாலைந்து பேர் உண்டு. பஞ்சாயத்து போர்டுக்குப் பயப்படாத ஆள் ஒருத்தர்தான்: அப்பீல் சோடா. கோலி சோடா விற்பது தொழில். மனுப் போடுவது மூச்சு. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ!

போர்டு வரவு செலவை ஜனங்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று ஒருமுறை மேலிடத்து உத்தரவு வந்தது. ஒட்டினார்கள், உத்திரத்துக்குப் பக்கத்தில்! சோடா ஓர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, பள்ளிக்கூட வாத்தியாரை மேலே ஏற்றிவிட்டார்.

"சத்தமாப் படிங்க வாத்தியாரே!"

"எறங்கச் சொல்லுய்யா, இது ஆபீஸு!" என்று குமாஸ்தா அலறினார்.

"எங்க வரிப் பணத்துல வாங்குன காயிதம். நாங்க படிக்காம பல்லியா படிக்கும்?"

வாத்தியார் நடுங்கிக்கொண்டே கடைசி வரி வரை படித்தார். எதிரே தையல் கடை வைத்திருந்த நான் தைப்பதை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

அடுத்த கோடையில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அந்தக் காலத்தில் வாந்திபேதி நெருங்கினால் சர்க்கார் ஆட்கள் கிணற்றில் மருந்து கரைப்பார்கள். தண்ணீர் ரோஸாகிவிடும். அதைப் பார்த்தால் போதும், வேறு தண்டோராவே வேண்டாம். சந்தைக்கு ஈ காக்கா வராது; வீட்டுக்கு வீடு தண்ணீரைக் காய்ச்சத் தொடங்குவார்கள்.

ஒருநாள் ஆற்றோட்டத்தில் எங்களுக்கு மேலே உள்ள ஊரிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். போர்டு ஆபீசுக்குள் போய்விட்டு வெளியே வந்து அப்பீல் சோடாவிடம் ஒரு சோடா கேட்டார். வாயருகே கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார்.

"தண்ணி எங்க எடுத்தீங்க?"

"ஊர்க் கெணத்துலதான் சார்."

"காய்ச்சினீங்களா?"

"சோடாவ எவன் சார் காய்ச்சுவான்?"

இன்ஸ்பெக்டர் காசைக் கொடுத்துவிட்டுச் சோடாவைச் சாக்கடையில் ஊற்றினார். அப்பீல் சோடா நேரே ஆபீசுக்குள் பாய்ந்தார். பேசியது என் கடை வரை கேட்டது.

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்லிட்டுப் போனாக?"

"அது ஆபீஸ் ரகசியம்" என்றார் பிரசிடெண்டு.

"மேல வாந்திபேதியா? மருந்து வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சுய்யா. நாளைக்குச் சந்தை. இப்பக் கெணத்துல போட்டா ஒரு பய வரமாட்டான். முடிஞ்சப்பறம் போடுவோம். வாயத் தொறந்தே, உள்ள தள்ளிருவேன்."

சந்தைக் குத்தகை பிரசிடெண்டின் மச்சானுக்கு. சோடா வெளியே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் சந்தையில் அவர் வண்டியில் இருந்த பாட்டில் அத்தனையும் ரோஸ்! ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் அதே மருந்தை வாங்கிக் கரைத்து அடைத்திருந்தார்.

"என்னண்ணே, சோடா இந்தக் கலர்ல இருக்கு?" என்றாள் புளி விற்கிறவள்.

"கெணத்துல இருக்கவேண்டிய கலரு ஆத்தா. போர்டுல பூட்டி வச்சிருக்காக. இதக் குடிச்சுறாத, பாத்துக்க. பாத்துட்டு வீட்டுக்கு ஓடு. தண்ணியக் காச்சிக் குடி!"

அவ்வளவுதான். புளி மூட்டையைப் போட்டுவிட்டு அவள் ஓட, சந்தையே பின்னால் ஓடியது. தேனியிலிருந்து வந்த வியாபாரிகள் இறக்கிய சரக்கை ஏற்றக்கூட நிற்கவில்லை. நானும்தான், கையில் ஊசியோடு ஓடினேன்.

பிரசிடெண்டின் ஆட்கள் பாட்டில்களை உடைத்தார்கள். வதந்தி பரப்பினார் என்று போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? சாயங்காலமே எங்கள் கிணறுகளில் மருந்து விழுந்தது. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் இருந்தது ஆற்றங்கரை ஊரில். அங்கே எவனும் மருந்து போடவில்லை. "காச்சின தண்ணி குடுங்கய்யா" என்று அவர் கேட்டாராம். "மாமியார் வீடுன்னு நெனப்போ?" என்று சிரித்தார்களாம். அடப் பாவிகளா! வாந்தி கண்டதும் மாட்டு வண்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரசிடெண்டு அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாந்திபேதியில் போனவரைத் தூக்கக் கூடப்பிறந்தவன்கூட வரமாட்டான். அன்று ஊரே வந்தது. தோள் மாற்ற ஆட்கள் முண்டியடித்தார்கள். "தொத்து நோய்ப்பா, வெரசா நடங்க" என்று யாரோ முன்னால் சத்தம் போட்டார்கள். யாரும் வேகமாக நடக்கவில்லை.